மறைக்கும் முன் அறிவோம்: முகத் தழும்புகளும் கன்சீலரும்

முகத்தில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் அதனை முதலில் காண்பவர் அதற்குரியவரே. ஆனால் அதைப் பற்றி முதலில் பேசுபவர் பெரும்பாலும் வேறொருவராக இருக்கிறார். திருமண வீட்டிலோ, அலுவலகத்திலோ, பேருந்து நிறுத்தத்திலோ ‘முகத்தில் என்ன இது?’ என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கேட்டவர் மறந்துவிடுவார், கேட்கப்பட்டவர் மறப்பதில்லை.

தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் மனத்தில் எப்போதும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘இது என்ன நோய், குணமாகுமா?’ என்பது முதற்கேள்வி. ‘குணமாகும் வரை நான் எப்படி வெளியே போவது?’ என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு மருத்துவர்கள் விரிவாகவே விடை சொல்கிறோம். இரண்டாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டாலும் அழகு சாதனம் பற்றிய சிறிய விஷயம் எனக் கருதி ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருந்துவருகிறது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கானது.

காத்திருக்கும் மாதங்கள்

தோல் சிகிச்சையில் மருந்தைவிட அரிதான பொருள் பொறுமை. முகப்பருவுக்கான மருந்துகள் பலன் தருவதைக் காண எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களாவது வேண்டும். பரு ஆறிய இடத்தில் தங்கிவிடும் கரும்புள்ளிகள் மங்குவதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும். கன்னங்களிலும் நெற்றியிலும் படரும் ‘மங்கு’ என்னும் கருமை, சிகிச்சையால் குறைந்தும் வெயிலால் மீண்டும் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியது. வெண்புள்ளிகளில் நிறம் திரும்புவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையோ அதற்கு மேலோ சிகிச்சை தேவைப்படலாம்.

இந்த இடைக்காலத்தில்தான் தவறுகள் நேர்கின்றன. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு என்ற நெருக்கடியில் இருப்பவரிடம் ‘ஆறு மாதம் பொறுத்திருங்கள்’ என்று சொல்வது எளிது. அவர் பொறுப்பது எளிதன்று. அவர் மருந்துக்கடைக்குச் சென்று ‘முகம் வெளுக்க ஒரு களிம்பு’ கேட்கிறார். பத்தே நாளில் முகம் பளிச்சிடுகிறது. ஆறு மாதத்தில் அதே முகம் மெலிந்து, சிவந்து, எரிச்சலுடன் மீண்டும் தோல் மருத்துவரிடம் வருகிறது.

நன்கு தேர்ந்தெடுத்த ஒரு கன்சீலர் இந்த விபத்தைத் தவிர்க்க உதவும். அது எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை, குணப்படுத்துவதாகச் சொல்வதுமில்லை. காலையில் பூசி இரவில் கழுவிவிடும் வண்ணப் பூச்சு அது, அவ்வளவே. ஆனால் சிகிச்சைக்குத் தேவையான பொறுமையை அது நோயாளிக்கு வாங்கித் தருகிறது.

ஒரு பிறவித் தழும்பிலிருந்து

கன்சீலர் என்பது திரைப்பட நட்சத்திரங்களின் ஒப்பனைப் பெட்டியில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் மற்றொரு வேர் மருத்துவத் தேவையில் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த லிடியா ஓ’லியரி என்னும் பெண்மணிக்கு முகத்தில் திராட்சை மது நிறத்தில் ஒரு பெரிய பிறவித் தழும்பு இருந்தது. அதனால் வேலை தேடுவதில் இடர்ப்பட்ட அவர், தம் தழும்பை மறைப்பதற்காகத் தாமே ஒரு பூச்சை உருவாக்கினார். ‘கவர்மார்க்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1932-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. குச்சி வடிவக் கன்சீலரைப் பரவலாக்கியது மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனத்தின் ‘இரேஸ்’. அது 1954-இல் வந்தது.

பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் பல்லாண்டுகளாகத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, தீக்காயத் தழும்பும் வெண்புள்ளியும் உடையோருக்குத் தோல் மறைப்புக் கலையைக் கற்றுக்கொடுத்துவந்தது. 2011-இல் அப்பணியை ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்னும் தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தழும்பை மறைக்கும் கலை மருத்துவப் பணியின் ஒரு கிளையாகவே அங்கு மதிக்கப்படுகிறது. நாமும் அவ்வாறே கருதுவதில் தவறில்லை.

முதலில் நோயறிதல், பிறகே மறைத்தல்

எதை மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைப்பது ஆபத்து. கீழ்க்கண்டவற்றை மருத்துவரிடம் காட்டாமல் கன்சீலரால் மூடக்கூடாது.

உணர்ச்சி குறைந்த, வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் மாத்திரைகளால் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய் அது. மறைத்து வைத்தால் நரம்பு பாதிக்கப்படும். அளவிலோ நிறத்திலோ வடிவத்திலோ மாறிக்கொண்டிருக்கும் மச்சம், இரத்தம் கசியும் மச்சம், நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் ஆகியவை புற்றுநோய்க்கான பரிசோதனையை வேண்டுபவை. இரு கன்னங்களிலும் மூக்கின் மீதும் வண்ணத்துப்பூச்சி போலப் படர்ந்து வெயிலில் அதிகரிக்கும் சிவப்பு, மூட்டு வலியும் களைப்பும் சேர்ந்திருந்தால், லூபஸ் என்னும் உடல் முழுவதையும் தாக்கக்கூடிய நோயின் அறிகுறியாகலாம். வட்டமாக ஓரம் தடித்து அரிக்கும் படை, நீர் வடியும் புண், சீழ்க்கொப்புளம் ஆகியவற்றின் மீது எந்தப் பூச்சும் கூடாது.

கழுத்திலும் நெற்றியோரத்திலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுக்கும் தோலைப் பலர் அழுக்கு என எண்ணித் தேய்க்கிறார்கள். தேய்த்தும் போகாதபோது மறைக்கிறார்கள். பலரிடத்தில் அது இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அடையாளம். அவர்களுக்குக் கன்சீலரைவிட முதலில் தேவைப்படுவது சர்க்கரைப் பரிசோதனையும் உடல் எடைக் கட்டுப்பாடுமே.

நம் வீடுகளில் காணும் மற்றொரு காரணமும் உண்டு. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெண்மையோ கருமையோ தோன்றினால், ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருளோ, தரமற்ற குங்குமத்தின் சாயமோ காரணமாக இருக்கக்கூடும். அந்தப் பொட்டை நிறுத்தாமல் அதன் அடையாளத்தை மட்டும் மறைத்துக்கொண்டிருந்தால் நிறமாற்றம் பரவும்.

‘வெண்குஷ்டம்’ என்ற பழைய சொல்லையும் இங்கே கைவிடுவோம். வெண்புள்ளிகளுக்கும் தொழுநோய்க்கும் எத்தொடர்பும் இல்லை. அவை தொற்றுவதில்லை, தொடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, உடன் வாழ்வதாலோ பரவுவதில்லை. பாடகர் மைக்கேல் ஜாக்சன் தமக்கு இந்நிலை இருப்பதை 1993-இல் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் மறைந்த நாளான ஜூன் 25 இன்று உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

திரவமா, குச்சியா?

எல்லாக் கன்சீலர்களிலும் நிறத்தைத் தருபவை ஏறத்தாழ ஒரே பொருள்கள்தாம்: வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடுகள். இவை எதில் கலக்கப்படுகின்றன என்பதில்தான் வேறுபாடு. திரவ வகையில் நீரும் சிலிக்கோனும் இலேசான எண்ணெய்களும் இருக்கும். குச்சி வகையில் மெழுகும் கெட்டியான எண்ணெய்களும் இருக்கும். நிறமிகளும் செறிவாக இருக்கும்.

எண்ணெய்ப் பசையுள்ள, பரு வரும் முகத்திற்குத் திரவ வகையே ஏற்றது. மெல்லிய படலமாகப் பரவும். துளைகளை அடைக்கும் வாய்ப்புக் குறைவு. நம் ஊர் வெயிலில் உருகி வழியாது. மங்கு போன்று அகன்று பரவிய கருமைக்கும், கண்ணுக்குக் கீழுள்ள மெல்லிய தோலுக்கும் இதுவே பொருந்தும். கண்ணடியில் மெழுகுப் பூச்சு இட்டால் சுருக்கங்களில் தேங்கிக் கோடுகளாகத் தெரியும்.

சிறிய, எல்லை தெளிவான, ஆறிய அடையாளங்களுக்குக் குச்சி வகை சிறந்தது. ஆறிப்போன பருவின் கரும்புள்ளி, அம்மை வடுவின் கருமை, பிறவித் தழும்பு, வெண்புள்ளி ஆகியவற்றைத் திரவத்தைவிட அது நன்கு மூடும்; நீண்ட நேரம் நிற்கும். உலர்ந்த தோலுக்கும் உகந்தது. ஆனால் குச்சியை நேராக முகத்தில் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பருவிலுள்ள சீழும் கிருமியும் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு மறுநாள் வேறிடத்துக்குப் போகும். சுத்தமான விரல் நுனியில் சிறிது எடுத்து, உடற்சூட்டில் இளகவிட்டு, ஒற்றி ஒற்றி இடுங்கள்.

பள்ளமான பருத் தழும்புகளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். கன்சீலர் நிறத்தைத்தான் மறைக்கும், பள்ளத்தை நிரப்பாது. கெட்டியாகப் பூசினால் பள்ளத்தில் தேங்கி அதை மேலும் எடுத்துக்காட்டும். மினுமினுப்புள்ள பூச்சு ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஒளியில் காட்டிக்கொடுக்கும். இத்தகைய தழும்புகளுக்கு மினுக்கமற்ற மெல்லிய திரவமே போதும். பள்ளத்துக்கான தீர்வு லேசர், நுண்ணூசி போன்ற சிகிச்சைகளில் இருக்கிறது.

கைகளிலும் பாதங்களிலும் உள்ள வெண்புள்ளிகளுக்கு இரு வகையுமே நீடிப்பதில்லை. கை கழுவும்போது போய்விடும். அத்தகைய இடங்களுக்கு டைஹைட்ராக்சி அசிட்டோன் கலந்த சாயப் பூச்சுகள் உள்ளன. அவை தோலின் மேலடுக்கிலுள்ள புரதத்துடன் வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகின்றன. சில நாட்கள் கழுவினாலும் நிற்கும். ஆனால் அந்நிறம் வெயிலிலிருந்து காக்காது. வெண்புள்ளி எளிதில் வெயிலில் கருகக்கூடியது என்பதால் சன்ஸ்கிரீன் தனியாகவே பூசவேண்டும்.

நிறத்தைப் பொருத்துதல்

கன்சீலர் வாங்கியவர்கள் சொல்லும் முதற்குறை, ‘முகம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது’ என்பது. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தன் நிறத்தைவிட வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்தல். கரும்புள்ளியின் மீது வெள்ளை நிறமி மிகுந்த பூச்சை இட்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல்தான் வரும். மற்றொன்று, கருமையைத் திருத்தாமல் மூட முயலுதல்.

எதிர் நிறம் ஒன்றையொன்று அடக்கும் என்பது ஓவியர்கள் அறிந்த விதி. சிவந்த பருவுக்கும் சிவந்த தழும்புக்கும் மிக மெல்லிய பச்சைத் திருத்தி. கோதுமை நிறத் தோலில் காணும் நீலங்கலந்த கருவளையத்துக்கும் மங்குக்கும் பீச் பழ நிறத் திருத்தி. கருநிறத் தோலில் அதே கருமைக்கு ஆழ்ந்த ஆரஞ்சு நிறத் திருத்தி. திருத்தியை மிகச் சிறிதளவு இட்டு, அதன் மேல் தோல் நிறக் கன்சீலரை இடவேண்டும். வெண்புள்ளிக்குத் திருத்தி வேண்டியதில்லை. சுற்றியுள்ள தோலின் நிறமே வேண்டும்.

நிறத்தைப் பார்க்கும் இடம் புறங்கை அன்று. பலருக்குப் புறங்கை முகத்தைவிடக் கறுத்திருக்கும். அடையாளம் எங்குள்ளதோ அதன் பக்கத்திலோ, தாடையோரத்திலோ ஒரு கோடு இட்டுப் பாருங்கள். கடையின் மஞ்சள் விளக்கு ஏமாற்றும். கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். சில பூச்சுகள் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுவே உங்கள் நிறம். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பதால், அடுத்தடுத்த இரு நிறங்களை வாங்கிக் கலந்து பயன்படுத்த நேரலாம். கோடையில் கறுத்த முகத்துக்கு மார்கழியில் வாங்கிய நிறம் பொருந்தாததும் இயல்பே.

பூசும் முறையும் அகற்றும் முறையும்

முகத்தை மென்மையான திரவ சோப்பால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். மருத்துவர் தந்த பகல் நேரக் களிம்பு இருந்தால் முதலில் அதை இட்டு அது உலரும்வரை காத்திருங்கள். பரு மருந்துகளால் தோல் உரிந்துகொண்டிருந்தால் ஈரப்பதக் கிரீம் அவசியம். உரியும் தோலின் மீது கன்சீலர் திட்டுத்திட்டாக ஒட்டும். அடுத்து சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திருத்தி, பின் கன்சீலர்.

புள்ளியின் நடுவில் சிறிது வைத்து, விரல் நுனியாலோ ஈரப் பஞ்சாலோ ஓரங்களை மட்டும் ஒற்றிக் கரைத்துவிடுங்கள். நடுவில் தேய்த்தால் வைத்தது வெளியே போய்விடும். ஒரு தடித்த பூச்சைவிட இரு மெல்லிய பூச்சுகள் மேல். கடைசியாக நிறமற்ற பவுடரை ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மிகுந்ததை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்; வியர்வையிலும் பூச்சு நிற்கும். வியர்த்தால் கைக்குட்டையால் துடைக்காமல் ஒற்றியெடுங்கள்.

கன்சீலர் டப்பாவில் எஸ்.பி.எஃப். என்று எண் அச்சிட்டிருந்தாலும் அதனை நம்பிச் சன்ஸ்கிரீனைக் கைவிடாதீர்கள். நாம் இடும் கன்சீலரின் அளவு அந்தப் பாதுகாப்பைத் தராது. ஆயினும் மங்கு உள்ளவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நம் நிறத் தோலில் மங்கை அதிகரிக்கிறது. சாதாரணச் சன்ஸ்கிரீன்கள் புற ஊதாக் கதிரை மட்டுமே தடுக்கின்றன. நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளோ அந்த ஒளியின் ஒரு பகுதியையும் தடுக்கின்றன. மங்குக்கு நிறமூட்டிய சன்ஸ்கிரீனை மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

இரவில் கன்சீலருடன் உறங்கக்கூடாது. மெழுகுப் பூச்சு வெறும் நீரில் போகாது. மைசெல்லார் நீரையோ எண்ணெய் வகைக் கழுவியையோ பஞ்சில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு மென்மையாக எடுத்து, சோப்பால் கழுவுங்கள். பரு உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கவும். அது துளைகளை அடைக்கும். எக்காரணத்தாலும் அழுத்தித் தேய்க்காதீர்கள். நம் தோலில் ஒவ்வோர் உராய்வும் புதுக் கருமையை உண்டாக்கவல்லது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கோ உராய்ந்த இடத்திலேயே புதிய வெண்புள்ளி தோன்றலாம்.

வாங்கும்போது கவனிக்க

புதிய கன்சீலரை உடனே முகத்தில் பூசாமல், முழங்கை மடிப்பின் உட்புறம் காசளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்பும் சிவப்பும் இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ‘நான்-காமெடோஜெனிக்’, அதாவது துளைகளை அடைக்காதது என்று குறிப்பிட்டவற்றையும் நறுமணம் சேர்க்காதவற்றையும் தேர்ந்தெடுங்கள். உற்பத்தி உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய இறுதி நாள், உட்பொருள் பட்டியல் ஆகியவை இல்லாத டப்பா எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். திறந்த டப்பாவின் சிறுபடத்தினுள் 6 அல்லது 12 என்று எண் இருந்தால், திறந்தபின் அத்தனை மாதங்களே பயன்படுத்தலாம் என்று பொருள். நிறமோ மணமோ மாறினால் அதற்கு முன்பே எறிந்துவிடுங்கள். ஒருவர் கன்சீலரை மற்றவர் பயன்படுத்தலாகாது. அக்காள் தங்கையானாலும் சரி.

விலை உயர்ந்ததே சிறந்தது என்பதில்லை. நிறப் பொருத்தமே முதன்மை. பொருந்தாத விலையுயர்ந்த பூச்சைவிடப் பொருந்தும் எளிய பூச்சு மேல்.

இங்கே ஓர் எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைய வேண்டியிருக்கிறது. கழுவினால் போய்விடுவது கன்சீலர். கழுவிய பின்னும் முகத்தை வெளுப்பாகக் காட்டுவது கன்சீலர் அன்று. அது மருந்து, அல்லது நஞ்சு. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரியும், முடி வளரும், பரு பெருகும், நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட அதிகமாகும். எனவேதான் பலர் நிறுத்த முடியாமல் அதற்கு அடிமையாகிறார்கள். இவ்வகைப் பல களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு 2018-இல் விதியைத் திருத்தியது. ஆயினும் கேட்டால் கிடைக்கும் நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. இப்படியொரு களிம்பை நீங்கள் ஏற்கெனவே பூசிவந்தால் திடீரென நிறுத்தாமல், டியூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

முகவரியற்ற வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுவதுண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் வந்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை சென்றது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மருத்துவமனைக்கு வரும் நாளில்

தோல் பரிசோதனைக்கு வரும்போது கன்சீலர் பூசாமல் வாருங்கள். வழியில் தயக்கமாக இருந்தால் பூசிக்கொண்டு வந்து, அழைக்கப்படுமுன் கழுவிக்கொள்ளலாம். பயன்படுத்தும் பூச்சுகளையும் பையில் எடுத்து வாருங்கள். புற ஊதா ஒளிச் சிகிச்சை பெறும் நாளில் முகத்தில் எதுவும் இருக்கலாகாது. நிறமிகள் ஒளியைத் தடுத்துவிடும். அறுவை சிகிச்சைக்கு முன் எல்லா ஒப்பனையையும் அகற்றவேண்டும். உதடும் முகமும் வெளிறுவதையோ நீலம் பாரிப்பதையோ மயக்க மருத்துவர் காணவேண்டியுள்ளது. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன்னும் அகற்றுங்கள், இரும்பு ஆக்சைடு கலந்த கண் மையும் முகப் பூச்சும் படத்தைக் கெடுக்கக்கூடும்.

நோயாளிகள் கேட்பவை

*கர்ப்ப காலத்தில் கன்சீலர் பயன்படுத்தலாமா?*
பயன்படுத்தலாம். கர்ப்பத்தில் மங்கு பலருக்கு வருகிறது. அதற்குரிய ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் போன்ற களிம்புகளை அக்காலத்தில் தவிர்க்கிறோம். ஆகவே சன்ஸ்கிரீனும் கன்சீலருமே அப்போது நல்ல துணைகள். மகப்பேற்றுக்குப் பின் பலருக்கு மங்கு தானாகவே குறையும்.

*ஆண்கள் பயன்படுத்தலாமா?*
தாராளமாக. சவரம் செய்த உடனே பூசாமல், எரிச்சல் அடங்கியபின் பூசுங்கள். முளைத்த மயிர்க்கால்களில் குச்சி ஒட்டிக்கொண்டு தெரியும். தாடிப் பகுதிக்குத் திரவமே ஏற்றது.

*கன்சீலர் பூசினால் பரு அதிகமாகுமா?*
துளைகளை அடைக்கும் தடித்த பூச்சும், இரவில் கழுவாமையும் பருவை அதிகமாக்கும். சரியான வகையைச் சரியாகக் கழுவி வந்தால் சிகிச்சைக்கு இடையூறில்லை.

*என் மகளுக்குப் பத்து வயது, கன்னத்தில் வெண்புள்ளி. பள்ளிக்குப் பூசி அனுப்பலாமா?*
முதலில் அவளைக் கேளுங்கள். அவளுக்கு அது பொருட்டில்லையெனில் நீங்களாக மறைக்கத் தொடங்காதீர்கள். ‘இது மறைக்கவேண்டிய ஒன்று’ என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். அவள் விரும்பினால் கற்றுக்கொடுங்கள். வெண்புள்ளி தொற்றாது என்று ஆசிரியருக்கு விளக்கும் கடிதத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

கன்சீலர் பூசுவது போலித்தனமென்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். வேறு சிலர், பூசாமல் வெளியே வரக்கூடாது என்று கட்டாயப்படுத்துகிறார்கள். இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். ஒருவர் முகத்தைப் பற்றிய முடிவு அவருடையது. கண்ணாடி அணிவதைப் போல வேண்டியபோது பூசிக்கொள்ளவும், வேண்டாதபோது கழற்றிவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

குறிப்பாகத் திருமணப் பேச்சின்போது, வெண்புள்ளியைப் பூச்சால் மறைத்துச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. புகைப்படத்துக்காகப் பூசிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் உடன் வாழப்போகிறவரிடம் மறைப்பதால் பின்னர் துன்பப்படுபவர் அந்தப் பெண்ணே, அந்த ஆணே. தேவையானால் இரு குடும்பத்தாரையும் அழைத்து வாருங்கள். இது தொற்றாது, வாழ்நாளைக் குறைக்காது, இல்லற வாழ்வைத் தடுக்காது என்பதை மருத்துவரே நேரில் விளக்குவார்.

உங்கள் சிகிச்சை எவ்வளவு காலம் ஆகும், அதுவரை எதைப் பூசலாம் என்ற இரு கேள்விகளையும் அடுத்த முறை தயங்காமல் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கும் நாங்கள் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.